பபேடானில் பிறந்த குலம்

மிங்கலாடோன் விமான நிலையத்தில் தமிழரசியால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. இடுப்பில் கைக்குழந்தை ஆஷா. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எக்கி எக்கிப் பார்த்தாள். கல்கத்தா விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டுவிட்டார்கள். அவள் கணவன் பன்ஷாய் அவளைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு கிதார் சொல்லிக்கொடுக்கிறவன். அவன் விரல்கள் தடுப்புக் கம்பியில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

வரப்போகிறவர் பன்ஷாயின் தாய்மாமன் ஷெம்போர். மேகாலயாவில், காசி மலையில் ஒரு கிராமம் அவர்களுடையது. வேலைக்காகப் பழைய ரங்கூனான யாங்கோனுக்கு வந்த பன்ஷாய், அங்கே பபேடான் பகுதியில் செல்போன் கடை வைத்திருந்த தமிழரசியிடம் உடைந்த திரையை மாற்றப் போனான். அடுத்த மாதம் மறுபடி உடைத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது முறை வந்தபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படித்தான் கல்யாணம் ஆனது.

"வர்றது மாமனா மந்திரியா? ரெண்டு பேரும் இந்தக் குதி குதிக்கிறீங்க" என்றான் தேவராஜ். தமிழரசியின் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இன்று சிநேகிதனின் வேனை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். உதவிக்காக மட்டும் வரவில்லை. அந்த மாமனிடம் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

விஷயம் இதுதான். காசி மக்களிடம் குலம் தாய் வழியாகப் போகிறது. பிள்ளை தாயின் குலம். பன்ஷாயின் குலப்பெயர் அவன் அக்கா பிள்ளைகளுக்குப் போகும்; அவன் பெற்ற பிள்ளைக்கு வராது. தாய் காசிப் பெண்ணாக இல்லாதபோது பிள்ளை குலமில்லாமல் நிற்கும். யார் தனக்கு உறவு, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்று சொல்ல அதற்கு வழி இருக்காது. அதற்கும் பழைய காலத்திலேயே ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த அந்தத் தாயையே முதல் தாயாக வைத்து ஒரு புதுக் குலத்தைத் தொடங்கிவிடலாம். தர்பார் என்கிற ஊர்க்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தமிழரசியை அங்கே கூட்டிப்போகத்தான் நினைத்தார்கள். ஆனால் அவளுக்கு பாஸ்போர்ட் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் மாமனே கிளம்பிவிட்டார்.

"எங்க அப்பா வடிவேல் பேரும் கெடையாது, மாப்ள உங்க பேரும் கெடையாது. புள்ளைக்கு நடுவுல புதுசா ஒரு பேரு. என்னா நாயம் இது?" என்று தேவராஜ் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்திருந்தான்.

கதவு திறந்தது. குள்ளமான, கட்டுமஸ்தான ஒரு மனிதர் தோளில் கட்டம் போட்ட சால்வையோடு வெளியே வந்தார். வாய் செக்கச்செவேல் என்றிருந்தது. பன்ஷாயைக் கட்டிக்கொண்டார், ஆஷாவின் கன்னத்தை முகர்ந்தார், பிறகு நேராக தேவராஜிடம் வந்து ஒரு துணிப்பையைத் திறந்து வெற்றிலையில் சுற்றிய பாக்கை நீட்டினார்.

"மச்சான், வாங்கிக்கங்க. எங்க ஊர்ல மொத மரியாதை இதுதான்" என்றான் பன்ஷாய்.

தேவராஜ் தினம் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே வெற்றிலை போடுகிறவன். இதெல்லாம் எனக்கு என்ன என்பதுபோல் வாயில் போட்டு மென்றான். அது மண்ணில் புதைத்து ஊறவைத்த பாக்கு. வேனைக் கிளப்புவதற்குள் அவன் காது இரண்டும் சுட்டது. நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. பின் சீட்டில் தமிழரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நகரின் நடுவில் கியாக்டடா பகுதி வரும்வரை அவனால் பேச முடியவில்லை. சூலே பகோடாவைச் சுற்றிப் பேருந்துகள் நெருக்கியடித்து நின்ற இடத்தில்தான் குரல் திரும்பியது.

"மாப்ள, நான் கேக்குறத அப்புடியே சொல்லுங்க. இவரு வீட்ல இவருதானே தலை? ஆம்பள பேருதானே புள்ளைக்கு வரணும்?"

பன்ஷாய் மொழிபெயர்த்தான். ஷெம்போர் சிரித்துவிட்டார்.

"எந்த வீட்டைக் கேட்கிறார்? என் அக்கா வீட்டில் நான்தான் தலை. அவள் பிள்ளைகளின் கல்யாணம், சண்டை, காணி எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். என் மனைவி வீட்டில் அவள் தம்பிதான் தலை. அங்கே நான் கோழிக்குத் தீனி போடுவேன்" என்றார். பிறகு முன்பக்கம் சாய்ந்து, "குழந்தையின் தாய்மாமனை எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டார்.

"வண்டிய ஓட்டுறது யாருன்னு நெனச்சாரு? நான்தான் தாய்மாமன்!"

"நிறுத்தச் சொல்!" என்று ஷெம்போர் பன்ஷாயிடம் கத்தினார்.

தேவராஜ் பதறி பிரேக்கை மிதித்தான். பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. ஷெம்போர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுநர் ஜன்னல் வழியாக தேவராஜின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் சரி என்று சொல்லாமல் எதுவும் நடக்காது. தாய்மாமனை நாங்கள் க்னி என்போம். க்னி இல்லாத குலம் கூரையில்லாத வீடு மாதிரி. உங்களைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஹாரன்கள் இன்னும் பலமாக அடித்தன. போக்குவரத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். தேவராஜ் எதையும் கவனிக்கவில்லை. "நான் சொல்லாம நடக்காதா?" என்று மட்டும் தமிழில் மெதுவாகக் கேட்டான்.

பபேடானில் தமிழரசி குடியிருந்தது ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. தேவராஜின் மனைவி மஞ்சுளா சாதமும் மீன் குழம்பும் செய்து வைத்திருந்தாள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் தேவராஜ் சட்டங்களைக் கேட்க ஆரம்பித்தான். க்னி என்றால் என்ன செய்ய வேண்டும்? ஆஷாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது யார்? அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது யார்? எல்லாவற்றுக்கும் ஷெம்போர், "நீங்கள்தான்" என்றார்.

"நம்ம ஊர்லயும் மாமன் மடியிலதான் காது குத்துறோம். நாமளும் பாதி காசிதான் போல" என்றான் தேவராஜ்.

"அப்ப வீட்டுல எனக்கு ஒத்தாச பண்றது யாரு? தங்கச்சி வீட்டுக்கே குடி போறீங்களா?" என்று மஞ்சுளா கரண்டியோடு வந்து நின்றாள்.

ஷெம்போருக்கு இதை மொழிபெயர்த்தபோது, "என் மனைவியும் இதையேதான் கேட்பாள்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கொஞ்சம் யோசனையாக, ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னார். வழக்கமாகப் புதுக் குலம் கட்டிவந்த பெண்ணோடு தொடங்கும். அவளுக்கு முன்னால் யாரும் கணக்கில் கிடையாது. ஆனால் தேவராஜ் க்னியாக உட்கார வேண்டுமென்றால் அவனும் அதே குலமாக இருக்க வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரு குலம் ஆவது எப்படி?

"ஒரே அம்மா வயித்துல பொறந்ததால" என்றாள் தமிழரசி பட்டென்று.

"அதேதான். அப்படியானால் முதல் தாய் நீயில்லை. உன் அம்மா."

அவர்களுடைய அம்மா பவுனம்மாள் கொரோனா வருஷத்தில் மூச்சுக் கிடைக்காமல் போனவள். ஆஷாவைப் பார்க்கவில்லை.

"இறந்தவரை முதல் தாயாக வைத்து நான் பார்த்ததில்லை. தர்பாரைத்தான் கேட்க வேண்டும்" என்றார் ஷெம்போர். "ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். அதை விட்டால் நடவு முடிந்துதான்."

தமிழரசிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயருக்கு முன்னால் எப்போதும் அப்பாவின் பெயர்தான் இருந்தது. முக்குக் கடையில் தோசை சுட்டு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய அம்மாவின் பெயர் எங்கேயும் எழுதப்பட்டதில்லை. அது ஒரு குலத்தின் பெயராகுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிர்பார்த்தபடியே மின்சாரம் போயிருந்தது. தமிழரசி கடையிலிருந்து பவர் பேங்குகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் தண்ணீர்ப் பானை மேல் சாய்த்து வைத்த போனில் மலைக்கிராமத்தின் மண்டபம் தெரிந்தது. வரிசையாகப் பெஞ்சுகள், பெஞ்சு முழுக்க ஆண்கள், சால்வைகள், பின்னால் ஜன்னலில் மேகம். தர்பார் என்றதும் தேவராஜ் சிம்மாசனத்தைத் தேடினான்.

"ராஜா எங்க?"

"ஊர் ஆம்பளைங்க எல்லாரும் சமம், மச்சான். தலைவர் நடுவுல உக்காந்திருக்கார், ஆனா எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு" என்றான் பன்ஷாய்.

ஷெம்போர் எழுந்து நின்று போனுக்கு முன்னால் பேசினார். மூன்றாவது மாடி வீட்டில் நின்றுகொண்டு மலைக்குக் கேட்கிற குரலில் பேசினார். பன்ஷாய் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். தேவராஜை க்னியாக ஏற்பதில் அங்கே பெரிய தடை இல்லை. இறந்த தாயைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. ஒரு கிழவர் எழுந்து, இறந்தவர்கள் கடவுள் வீட்டில் பாக்கு மென்றுகொண்டிருக்கிறார்கள், அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தேவராஜ் மஞ்சுளாவின் கையை இறுக்கினான்.

பிறகு பெயர். பெஞ்சிலிருந்து ஒருவர், "கார்பவுன்" என்றார். நன்றாக இருக்கிறது என்று பல குரல்கள்.

"கார்னா என்ன?" என்று கேட்டாள் தமிழரசி.

பன்ஷாய் தயங்கினான். "அது... வெளியிலேர்ந்து வந்தவங்கன்னு அர்த்தம். சமவெளி ஆளுங்க. பழைய குலப்பேரு நெறையதுல அது உண்டு, அரசி. பெரிய பெரிய குலம் எல்லாம் இருக்கு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

தமிழரசியின் முகம் மாறிவிட்டது. "வேண்டாம்னு சொல்லு."

"அரசி—"

"நானே சொல்றேன்."

அவள் போனை நோக்கிக் குனிந்தாள். அந்தப் பக்கம் தலைவர் கையை உயர்த்தினார். ஷெம்போர் சங்கடத்தோடு திரும்பினார். தர்பாரில் பெண்கள் பேசுவதில்லை. வேறு சில ஊர்களில் மாறிவிட்டது. அவர் ஊரில் இன்னும் இல்லை.

"எங்கம்மா பேருல குலம். என் வயித்துல பொறந்த புள்ளைக்குக் குலம். நான் பேசக்கூடாதா?" என்றாள் தமிழரசி. "தாய் வழி, தாய் வழின்னு சொன்னீங்களே?"

"பெண்களுக்காக அவர்களுடைய க்னி பேசுவார்" என்றார் ஷெம்போர் தாழ்ந்த குரலில்.

"க்னி நான்தானே?" என்றான் தேவராஜ்.

ஷெம்போர் தலையசைத்தார். தேவராஜ் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தான். பேருந்தில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்கிற அதே தொண்டை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க! என் தங்கச்சிக்கு நான்தான் பேசணுமாம். பேசிடுறேன். நான் சொல்றது ஒரே வார்த்தை: அவ பேசுவா! அவ பேசுறதுதான் நான் பேசுறது! மாப்ள, சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம சொல்லுங்க!"

பன்ஷாய் மூச்சை இழுத்து விட்டுவிட்டுச் சொன்னான். மண்டபத்தில் ஒரே கூச்சல். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவர் சால்வையை உதறிக்கொண்டு வெளியே நடந்தார். தலைவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நொடியில் படம் உறைந்தது. பிறகு திரை கறுத்தது.

"சிக்னல் போச்சு! கரண்ட் இல்லன்னா டவரும் படுத்துரும்" என்று கத்தினாள் தமிழரசி. "மொட்டை மாடிக்கு! மேல போனா ஆத்துப் பக்கத்து டவர் கெடைக்கும்!"

ஆஷாவைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் ஓடினாள். பின்னால் பவர் பேங்கோடு பன்ஷாய், கரண்டியோடு மஞ்சுளா, கடைசியில் மலை ஏறிப் பழகிய கால்களோடு ஷெம்போர். அவர் எல்லாரையும் முந்திவிட்டார். தேவராஜ் ஐந்தாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸுல ஏத்தி எறக்குறவன்யா நான், ஏறுறவன் இல்ல!" என்று மூச்சு வாங்கினான். எதிர்வீட்டு ஃபஹீமா கதவைத் திறந்து, என்ன தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டாள். "இல்லக்கா, எங்களுக்குக் குலம் வருது!" என்று மஞ்சுளா சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்றும் புரியாமல் ஃபஹீமாவும் பின்னாலேயே வந்தாள்.

மொட்டை மாடியில் வெயில் தகித்தது. பன்ஷாய் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். ஒரு கோடு. இரண்டு கோடு. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

மண்டபம் தெரிந்தது. எல்லாரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கம்பைத் தரையில் தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். மற்றவர்கள், க்னி கொடுத்த வாக்கை மறுக்க வழியில்லை என்கிறார்கள். அதனால் இன்றைக்கு மட்டும் அவள் பேசுவதைக் கேட்கிறோம் என்று முடித்தார்.

பன்ஷாய் போனைத் தமிழரசியிடம் கொடுத்தான். கணவனிடம் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட காசிச் சொற்களைத் திரட்டிக்கொண்டாள்.

"குப்லேய்" என்று வணங்கினாள். தடுமாறிய இடங்களில் பன்ஷாய் தொட்டி மேலிருந்து சொல் எடுத்துக்கொடுத்தான். "நான் யாங்கோனில் பிறந்தேன். என் அம்மாவும் இங்கேதான் பிறந்தாள். ஆனாலும் தெருவில் எங்களைக் 'கலா' என்பார்கள். வெளியாள், கறுப்பு ஆள் என்று அர்த்தம். பஸ்ஸில் சொல்வார்கள், ஆபீசில் சொல்வார்கள். என் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டாள், கேட்டுக்கொண்டே செத்தாள். உங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு மரியாதை உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நம்புகிறேன். ஆனால் என் காது அதை அப்படிக் கேட்காது. என் மகள் வெளியாளாக உங்களிடம் வரவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் கொடுங்கள். பவுன். அது போதும்."

காற்றில் போன் கரகரத்தது. பாக்கைப் பற்றிச் சொன்ன அந்தக் கிழவர் கேட்டார்: "பவுன் என்றால் என்ன?"

"தங்கம்."

"க்சியார்" என்றார் அவர், தன் மொழியில். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "தங்கமாம்" என்றார். அந்த வார்த்தை பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. தலைவர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையும் தலையை அசைத்தது. கடைசிப் பெஞ்சில் ஒருவர் மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவரும் அசைத்தார்.

"பவுன்" என்றார் தலைவர். "ஒரு நிபந்தனை. புதுக் குலத்தின் க்னி ஒருமுறையாவது நேரில் வந்து இந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும்."

பன்ஷாய் தொட்டியிலிருந்து குதித்தான். ஷெம்போர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "வர்றேன்! பஸ்ஸ ஓட்டிக்கிட்டே வர்றேன்!" என்று தேவராஜ் கத்தினான். அதே நேரத்தில் கீழே தெருத் தெருவாக, வீடு வீடாக, "மீ லாபி! மீ லாபி!" என்று பெரிய ஆரவாரம் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"ரங்கூன் முழுக்கச் சந்தோஷப்படுகிறது" என்றார் ஷெம்போர்.

மறுநாள் காலையில் சடங்கு நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அரிசி மாவு, சுரைக்குடுவையில் தண்ணீர், வெற்றிலை பாக்கு. ஷெம்போர் கிழக்கே பார்த்து நின்று, கடவுளையும் பவுனம்மாளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தேவராஜ் புதுச் சட்டையில், ஆஷாவை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. "ஆஷா பவுன்" என்று ஷெம்போர் சொன்னபோது குழந்தை அவர் சால்வை நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. தமிழரசி சிரித்தாள். அந்தப் பேரை மெதுவாக ஒருமுறை, பிறகு சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அப்போதுதான் மஞ்சுளா முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷெம்போரைப் பர்மியத்தில் மாமா என்று கூப்பிட்டு, "ஊலே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "என் பொண்ணுங்க ரெண்டும் அப்ப என்ன குலம்?"

ஷெம்போர் சிரித்தார். "உன் குலம். உன் அம்மாவின் பெயர் என்ன?"

மஞ்சுளா தயங்கினாள். மாமியார் பேர், மாமனார் பேர், புருஷன் பேர் என்று எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "நாகரத்தினம்" என்றாள். அவளுக்கே அது புதிதாகக் கேட்டது போலிருந்தது. "எங்கம்மா பேரு நாகரத்தினம்!"

"எங்கம்மா கரீமா" என்றாள் வாசலில் நின்ற ஃபஹீமா, யாரும் கேட்காமலே. கீழ்வீட்டு பர்மியக்காரி தன் அம்மாவின் பேரைச் சொன்னாள். படிக்கட்டில் நின்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பேர் ஒருவருக்குக் கேட்காத அளவுக்கு வீடு இரைந்தது. ஷெம்போர் சிரித்துக்கொண்டே, தரையில் தட்ட ஒரு கம்பைத் தேடினார். கிடைக்காமல் மஞ்சுளாவின் கரண்டியை வாங்கித் தட்டினார்.

"ஒவ்வொருவராக!" என்றார். "எல்லாரையும் கேட்கலாம்!"